இரண்டு வேலிக்கு நடுவில் ஒரு படிவுப் படுகை

நான் வேலை பார்த்த கந்தோரில் இப்போது இருக்கும் பிள்ளைகள் கணினித் திரையில் நிலத்தை இழுக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் நிலப்பிளவின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு எதிரெதிராக நகர்கின்றன, நடுவில் பள்ளம் விழுகிறது, பள்ளத்துக்குள் மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகப் படிவுகள் இறங்குகின்றன. அண்மையில் ஒரு அலுவலாக அங்கே போனபோது எனக்கும் காட்டினார்கள். நான் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இதுக்கை பரமேஸ் அக்கான்ரை குழம்புச் சட்டி எங்கை?" என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓய்வு பெற்றவளுக்கு மூளை தட்டிப்போட்டுது என்று நினைத்திருப்பார்கள். "அது பெரிய கதை" என்றேன். "அப்ப எழுதித் தாங்கோ மிஸ்" என்று பிடித்துக்கொண்டார்கள். ஆகவே எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைக் குறை சொல்லக்கூடாது.

படித்த காலத்தைச் சொல்லி உங்களை வருத்தப் போவதில்லை. பண்டத்தரிப்பில் பள்ளிக்கூடம், பிறகு பல்கலைக்கழகம், பிறகு யாழ்ப்பாணக் கந்தோரில் நிலவியல் உதவியாளர் வேலை. கல்லைத் தட்டினேன், மண்ணை அரித்தேன், ஊர் ஊராகக் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்து "உப்பு" என்று சொன்னேன். எங்கள் குடாநாடு தோசைக்கல் மாதிரித் தட்டை. மலை இல்லை, ஆறு இல்லை. அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். நிலவியல் படித்தவர்கள் இங்கே மாற்றலாகி வந்தால் முதல் கிழமையே கொட்டாவி விடத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த இடத்துக்குத்தான் அரியரத்தினம் சேர் எனக்கு மேலதிகாரியாக வந்தார். சொந்த ஊர் உடுப்பிட்டி. ஆனால் வாலிபத்திலேயே வெளிநாட்டுக்குப் படிக்கப் போய், சண்டைக் காலம் முழுக்க அங்கேயும் கொழும்பிலுமாக இருந்துவிட்டார். அவர் படித்தது ஒரேயொரு விஷயம், பக்கவாட்டுப் பிளவு. நிலம் மேலே கீழே போகாமல், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகரும் பிளவு. அது நேர்கோடாக ஓடினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஓடி வந்த கோடு ஓரிடத்தில் முடிந்து, கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடாகத் தொடங்கினால்தான் கூத்து. இரண்டு கோட்டுக்கும் நடுவில் அகப்பட்ட துண்டு நிலத்தை ஒரு பக்கம் இங்காலே இழுக்கும், மற்றப் பக்கம் அங்காலே இழுக்கும். பாவம், அது இழுபட்டு மெலிந்து கீழே இறங்கிவிடும். பள்ளத்துக்குத் தண்ணீர் வரும், தண்ணீரோடு மண் வரும், மண்ணுக்கு மேல் மண் படியும். அதுதான் படிவுப் படுகை. கோடு மற்றப் பக்கமாகத் தள்ளியிருந்தால் அதே துண்டு நெரிபட்டு மேடாகிவிடும். அவ்வளவுதான் சங்கதி.

சேருக்கு உலகத்தில் வேறு எதுவும் கண்ணில் படாது. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் குழற்பிட்டு இருக்கும். அதைக் கரண்டியால் படிக்கட்டின் படி மாதிரி வெட்டி, ஒரு பாதியை இப்படியும் மறு பாதியை அப்படியும் தள்ளுவார். நடுவில் குழி விழும். அதற்குள் சம்பலைப் போட்டு, "பாத்தீரோ பிள்ளை, சிவப்புப் படிவு" என்பார். சொதியை ஊற்றி, "இப்ப மாரி காலம்" என்பார். நாங்கள் சாப்பிட்டுக் கைகழுவி வந்த பிறகும் அவருடைய படுகை நிரம்பிக்கொண்டிருக்கும். ஒரு கலியாண வீட்டில் தன்னுடைய வாழையிலை போதாமல், பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவுடைய இலையிலும் கை வைத்துவிட்டார். அந்த மனிதர் எழும்பிப் போய் வேறு பந்தியில் இருந்தார்.

சத்தம் போடுகிற ஆள் இல்லை. கோபம் வந்தாலும் "அப்பிடியோ", சந்தோஷம் வந்தாலும் "அப்பிடியோ". எது எது என்று கண்டுபிடிக்க எனக்கு நெடுங்காலம் எடுத்தது. கோபம் என்றால் கண்ணாடியைக் கழற்றுவார், சந்தோஷம் என்றால் மாட்டுவார்.

இப்படிப்பட்ட மனிதர் எங்கள் நாட்டில் ஒரு பக்கவாட்டுப் பிளவைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. கொழும்புத் தலைமைக் கந்தோரில் இது பெரிய பகிடி. அவரிடம் வேலை பழகிய ஒரு பெண்தான் அப்போது அங்கே பணிப்பாளர். கூட்டங்களில், "சேருக்கு ஆராவது ஒரு பிளவு தேடிக் குடுங்கோ, பாவம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சேரும் சிரிப்பார். ஆனால் திரும்பி வரும் வழி முழுக்கக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருப்பார். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்த நேரம் ஒருநாள் என்னிடம், "பிள்ளை, ஒரு பிளவும் காணாமல்தான் வீட்டை போகப்போறன் போலை" என்றார். எங்கேயாவது நிலநடுக்கம் வந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். கடவுளே, அதுவும் ஒரு நினைப்பா!

அப்போதுதான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து முறைப்பாடு வந்தது. இரண்டு வீட்டு வளவுகளுக்கு நடுவில் நிலம் இறங்குகிறது, ஆடு ஒன்று விழுந்துவிட்டது, வந்து பாருங்கோ என்று. சுண்ணாம்புக்கல் நாட்டில் இது விளையாட்டுக் காரியமில்லை. அடியில் தண்ணீர் கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகை ஆக்கிவிடும், ஒருநாள் கூரை இடிந்து வீடும் ஆளும் உள்ளே போய்விடும்.

இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. முதலில் பள்ளத்தைச் சுற்றி நடந்து வெடிப்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கி, எந்த ஆழத்தில் கல் முட்டுகிறது என்று இடம் இடமாகக் குறிக்க வேண்டும். அடிக்கும்போது கம்பியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். கல் என்றால் "ணங்" என்று பல்லைக் கூசும். உள்ளே வெறுமை என்றால் "டொப்" என்று அமுங்கும். கடைசியாக வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, நிற்கிறதா ஓடி மறைகிறதா என்று பார்க்க வேண்டும். நான் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். சுற்றிலும் ணங். பள்ளத்துக்குள் இளகின மண், அதற்கும் கீழே ணங். தண்ணீர் அசையாமல் நின்றது.

"குகை இல்லை, சேர். பயப்பிட ஒண்டுமில்லை" என்றேன். சேர் கேட்கவில்லை. அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலிக்கு வடக்கே நாகலிங்கம், தெற்கே செல்லத்துரை. இருவரும் மச்சான்மார். நாகலிங்கத்தின் தங்கை பரமேஸ்தான் செல்லத்துரையின் மனைவி. இந்த வேலியால் இரண்டு ஆம்பிளைகளுக்கும் பல வருஷமாகக் கதை பேச்சு இல்லை. எல்லை வேலியில் மேற்குப் பாதியை அடைப்பது செல்லத்துரையின் பொறுப்பு, கிழக்குப் பாதி நாகலிங்கத்தின் பொறுப்பு. இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை. உங்கள் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்து, விரல் நுனிகள் முட்டாமல் ஒன்றையொன்று தாண்டிப் போக விட்டுப் பாருங்கள். அப்படித்தான் நின்றன. செல்லத்துரையின் பாதி வடக்கே தள்ளி வந்திருந்தது, நாகலிங்கத்தின் பாதி தெற்கே தள்ளி வந்திருந்தது. இரண்டு நுனிக்கும் நடுவில் ஒரு சின்ன ஒழுங்கைச் சந்து மாதிரி இடைவெளி. அந்த இடைவெளிக்குள்தான் பள்ளம்.

சேர் கண்ணாடியை மாட்டினார். "அப்பிடியோ" என்றார்.

போதாக்குறைக்கு ஒற்றையடிப் பாதைகள் வேறு. வடக்கு வளவிலிருந்து ஒரு பாதை வேலிவரை வந்தது. தெற்கு வளவிலிருந்தும் ஒன்று வந்தது. இரண்டும் நேருக்கு நேர் முட்டாமல் விலகி நின்றன.

"பிள்ளை, செல்லத்துரையற்றை பக்கம் நில்லும். எதிர்ப்பக்கத்துப் பாதை எங்காலை தள்ளிப் போயிருக்கு?"

"வலப்பக்கம், சேர்."

"இப்ப சுத்திப் போய் நாகலிங்கத்தாற்றை பக்கம் நிண்டு பாரும்."

போய் நின்றேன். "இஞ்சை நிண்டாலும் மற்றப் பக்கம்தான் வலப்பக்கம் போயிருக்கு."

"அதுதான் இந்தப் பிளவின்ரை குணம்" என்றார் சேர். "எந்தப் பக்கம் நிண்டு பாத்தாலும் எதிர்ப்பக்கம்தான் நகர்ந்த மாதிரித் தெரியும்."

"அதைத்தானே நான் இவ்வளவு காலமும் சொல்லுறன்!" என்று கத்தினார் செல்லத்துரை. "உவர்தான் நகர்ந்தவர்!"

"நானோ? இஞ்சாலை வந்து நிண்டு பாரும், ஆர் நகர்ந்தது எண்டு தெரியும்!" என்றார் நாகலிங்கம்.

"ஒருத்தரும் நகரேல்லை" என்றார் சேர் மெதுவாக. "நிலம்தான் நகர்ந்திருக்கு."

இரண்டு மச்சான்மாரும் சேரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஓர் உடன்படிக்கை எழுதி முடிந்ததை நான் என் கண்ணால் கண்டேன். நிலம் நகர்ந்தது என்றால் இரண்டு பேருமே வேலியை அரக்கி நகர்த்தின கள்ளர் இல்லை!

"ஓம் சேர்" என்றார் செல்லத்துரை. "எனக்கும் முந்தியே அப்பிடி ஒரு சந்தேகம்."

"எனக்கும்தான்" என்றார் நாகலிங்கம். "மத்தியானம் படுத்திருக்கேக்கை கட்டில் ஆடுற மாதிரி இருக்கும்."

பேய்க்கதை! நான் பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளத்தை இன்னொரு தடவை பார்த்தேன். ஓரத்தில் மண்ணுக்குள்ளிருந்து பனங்குற்றி ஒன்றின் நுனி தெரிந்தது. சண்டைக் காலத்தில் இங்கே இருந்த எவருக்கும் அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. குண்டுக்குப் பயந்து ஒளித்திருக்க நிலத்தில் வெட்டின பங்கர்களுக்குப் பனங்குற்றிதான் கூரை. நானே அப்படி ஒன்றுக்குள் இருந்து பரீட்சைக்குப் படித்தவள். சேருக்கு எப்படித் தெரியும்? அவர் அப்போது வெளிநாட்டில் பிளவு படித்துக்கொண்டிருந்தார்.

ஜீப்பில் ஏறினதும் சொன்னேன். "சேர், உது பழைய பங்கர் போலை கிடக்கு."

"இருக்கலாம் பிள்ளை. இயற்கையா ஒரு பள்ளம் இருந்தபடியால் அதிலை பங்கர் வெட்டியிருப்பினம். வெட்டுறதும் சுகம்தானே."

சேர் அதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் காலையில் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துப் பிளவு அகப்பட்டுவிட்டது என்று பணிப்பாளருக்கே சொல்லிவிட்டார். மத்தியானம் கந்தோர் மேசையில் இரண்டு பலகையைப் படி வைத்து வெட்டி அடுக்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த வறுத்த அரிசிமாவை மேலே பரப்பி, பலகைகளை எதிரெதிராக இழுத்தார். மா நடுவில் அழகாகக் குழி விழுந்தது. குழிக்குள் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கோப்பித்தூள் என்று படிவு போட்டார். கந்தோர் முழுக்கத் தும்மல். அவருடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் வந்தது, தும்மலும் வந்தது.

பணிப்பாளர் மேடம் தன் ஆட்களோடு தானே வருவதாகச் சொல்லிவிட்டார். பள்ளத்துக்குக் குறுக்கே குழி வெட்டி, பிளவைக் கண்ணால் பார்ப்பதாக ஏற்பாடு. சேர் ஆசைப்பட்டது ஒரு பிளவுக்கு. கிடைக்கப் போவது கொழும்பு ஆட்களுக்கு முன்னால் ஒரு தலைகுனிவு, அதுவும் ஓய்வு பெறுகிற வருஷத்தில். நான் தனியாகப் போய் மச்சான்மார் இருவரையும் பிடித்தேன்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. உது பங்கர்தானே?"

"ஞாபகம் இல்லைத் தங்கச்சி" என்றார் செல்லத்துரை.

"வயசு போட்டுது" என்றார் நாகலிங்கம்.

"உங்கடை மானத்தைக் காப்பாத்த அந்த மனிசன்ரை மானம் போகப்போகுது, தெரியுமோ?" என்று கத்திவிட்டேன். இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கமாக நழுவினார்கள்.

குறித்த நாள் வந்தது. குழி வெட்ட ஆள் வேண்டாம், தாங்களே வெட்டுவோம் என்று மச்சான்மார் சொல்லிவிட்டார்கள். ஒருவர் வடக்கிலிருந்து, ஒருவர் தெற்கிலிருந்து, ஆர் முதலில் நடுவுக்கு வருவது என்று போட்டி. மண்வெட்டி பறந்தது. மேடம் குடையைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்றார். அவருடன் வந்தவர்கள் கமராவோடு நின்றார்கள். சேர் குழிக்குள் இறங்கி, வெட்ட வெட்டச் சுவரைத் தடவிப் படிவுகளை ஒவ்வொன்றாக அறிவித்தார்.

"இது அண்மைக் காலப் படிவு, மேடம்." சருகும் தலைமுழுகுகிற சம்போப் பைக்கற்றும்.

"இது எரிமலைச் சாம்பல் மாதிரித்தான் தோற்றம், ஆனால் இல்லை." அடுப்புச் சாம்பலும் மீன் முள்ளும்.

பிறகு பனங்குற்றி வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. அதற்குக் கீழே பூப்போட்ட சேலைத் துணியில் தைத்த மண் மூட்டைகள். சேர் ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். சேலைக் கரையை விரலால் தடவினார். செல்லத்துரையின் மண்வெட்டி எதிலோ பட்டு "கணீர்" என்றது.

"ஐயோ, என்ரை குழம்புச் சட்டி!"

பரமேஸ் அக்கா. குசினியில் சமையலை விட்டு ஓடி வந்தவர் குழிக்குள் பாய்ந்து, நசுங்கின அலுமினியச் சட்டியைத் தூக்கி மார்போடு அணைத்தார். "இடம்பெயர்ந்து ஓடேக்கை பங்கருக்கை விட்டிட்டுப் போனது. இவ்வளவு காலமும் இதுக்கையோ கிடந்தது!"

கமராக்காரர் ஒருவர் தொண்டைக்குள் சிரித்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன்.

சேர் பரமேஸ் அக்காவிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார். "அம்மா, இந்தப் பாதையள் இரண்டும் ஏன் விலகி நிக்குது?"

"பாதையோ? அது நான் அண்ணை வீட்டை கறி கொண்டு போற பாதை. இந்த வேலி முடியிற இடத்தாலை உள்ளுக்கை வந்து, பள்ளத்தைச் சுத்தி, அங்காலை மற்ற வேலி முடியிற இடத்தாலை வெளிக்கிட வேணும். உவை ரெண்டு பேரும் கதையாட்டி நாங்கள் கறி குடுக்காமல் இருக்கிறதோ?"

"என்ன கறி?" என்றார் செல்லத்துரை. "அப்ப என்ரை பாரை மீன் எல்லாம் அங்கையோ போனது?"

"நல்ல மீன்" என்றார் நாகலிங்கம், நிலத்தைப் பார்த்தபடி.

"வேலி?" என்று கேட்டார் சேர். "பங்கர் வெட்டேக்கை வேலி எங்கை இருந்தது?"

மச்சான்மார் இருவரும் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினார்கள். பிறகு செல்லத்துரைதான் சொன்னார். "வேலி இருக்கேல்லை, சேர். வேலிக் கதியால் தடியள் எல்லாத்தையும் பிடுங்கிப் பங்கருக்கு மேலை அடுக்கிப் போட்டம். ரெண்டு குடும்பமும் ஒரே பங்கர்தானே. திரும்பி வந்த பிறகுதான் ஆளுக்கொரு நுனியிலை இருந்து அடைச்சுக்கொண்டு வந்தனாங்கள்."

"நடுவிலை சந்திக்கேல்லை" என்றார் நாகலிங்கம்.

சேர் குழிக்குள் நின்றபடியே மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். காலையில் பெய்த மழை முடிந்து வெயில் ஏறின நேரம், மண்ணில் ஆவி பறந்தது. அவர் ஓர் ஆளின் உயரத்துக்குக் கீழே நின்றார். அவரிடம் வேலை பழகினவர் மேலே குடையோடு நின்றார்.

"மேடம், இதிலை பிளவு இல்லை. என்ரை பிழை. உங்களை வீணாய் இவ்வளவு தூரம் அலைய வைச்சிட்டன்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. மேடம் குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

அப்போது நாகலிங்கம் தொண்டையைச் செருமினார். "மேடம், சேர் சொல்லுறதை நீங்கள் கேளாதேங்கோ. நிலம் நகர்ந்ததுதான். நான் கண்ணாலை கண்டனான்."

"நானும் கண்டனான்" என்றார் செல்லத்துரை உடனே. "பங்கர் வேறை, பிளவு வேறை. சேர் படிச்ச மனிசன், சொன்னால் சரியாத்தான் இருக்கும். நாங்கள் ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சுத் தாறம்."

"கோயில்லை சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவம். என்ன மச்சான்?" என்றார் நாகலிங்கம்.

"ஓம் மச்சான்."

மச்சான்! பரமேஸ் அக்கா கையிலிருந்த சட்டி நழுவி விழுந்தது. பல வருஷமாக அந்த வேலியில் யாரும் கேட்காத சொல். சேருக்காகப் பொய்ச்சத்தியம் பண்ணவும் இரண்டு பேரும் ஒன்றாக நின்றார்கள். நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

"முதல் கையெழுத்து நான் வைக்கிறன்" என்றார் நாகலிங்கம், சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு.

"ஏன் நீர் முதல்?" என்றார் செல்லத்துரை.

"என்ரை பக்கத்துக் காணிதானே கூடுதலா நகர்ந்தது!"

"உம்மடை காணியோ? அதை நகர்த்தினது ஆர் எண்டு ஊருக்கே தெரியும்!"

"உம்மடை பாதி வேலி என்ரை மாமரம் வரைக்கும் வந்தது நிலம் நகர்ந்தோ? கோதாரி விழுவாரே!"

இருவரும் மண்வெட்டியோடு அவரவர் விளிம்பில் ஏறி, எதிர்ப்பக்கத்தைக் கை நீட்டிக்காட்டிக் கத்தினார்கள். பரமேஸ் அக்கா நடுவில் நின்று இருவரையும் திட்டினார். அவர்கள் மிதித்த மிதியில் குழியின் இரண்டு சுவரும் வெடித்து, பொலபொலவென்று சரிந்து, சேரை முழங்கால்வரை மூடின. மேடம் "ஐயோ சேர்!" என்று குடையைப் போட்டுவிட்டு விளிம்பில் மண்டியிட்டுக் கை நீட்டினார்.

சேர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தலையில் விழுந்த மண்ணைத் தட்டினார். காலை மூடின மண்ணைக் குனிந்து பார்த்தார். பிறகு வடக்கே கத்துகிற நாகலிங்கத்தைப் பார்த்தார், தெற்கே கத்துகிற செல்லத்துரையைப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"பாத்தீங்களோ மேடம்" என்றார். "இது இப்பவும் நகருது."